மீளாத குறைபாடு, மீண்ட எழுத்து: கடுமையான மூளைக்காயத்துக்குப் பிந்தைய கால் நூற்றாண்டு – ஒரு நிகழ்வு ஆய்வு

கடுமையான மூளைக்காயத்துக்கு மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவர் அதன்பின் இருபது, முப்பது ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்பது மருத்துவப் பதிவுகளில் அரிதாகவே கிடைக்கிறது. மருத்துவமனைக் கோப்பு வீட்டுக்கு அனுப்பிய குறிப்போடு முடிந்துவிடுகிறது. தொடர் ஆய்வுகளும் பெரும்பாலும் ஆறு மாதம், ஓராண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இந்தக் குறையை ஈடுசெய்யும் மிகச் சில பதிவுகளில் ஒன்று, சோவியத் இராணுவத்தில் இளநிலை அதிகாரியாக இருந்த லெவ் ஸசெட்ஸ்கியின் நிகழ்வு. நரம்பியல் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா இவரை 1943 முதல் கால் நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 1971இல் அதை முழு வரலாறாக வெளியிட்டார். நோயாளியும் தன் நிலையைத் தன் கையாலேயே ஏறத்தாழ 3,000 பக்கங்களுக்கு எழுதிவைத்தார்.

அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பரிசோதனை மேசையில் அளக்கக்கூடிய குறைபாடுகள் அநேகமாக அப்படியே இருந்தன. ஆயினும் அவர் செய்துகொண்டிருந்த வேலையும், அந்த வேலையைச் சுற்றி அமைந்த நாளும் சிகிச்சைக்கு முன் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாதவை. நீண்டகால மீட்சியை ஒரே கோட்டில் ஏறும் முன்னேற்றமாகப் பார்ப்பவர்களுக்கு இந்த நிகழ்வு தோல்வியாகவே தெரியும். காயம் எதை அழித்தது என்பதோடு எதை விட்டுவைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் போக்கு விளங்குகிறது.

காயமும் தொடக்க நிலையும்

ஸசெட்ஸ்கி 1920இல் பிறந்தவர். போர் தொடங்கியபோது பொறியியல் மாணவராக இருந்தார். 1943 மார்ச் 2 அன்று, மேற்குப் போர்முனையில் வோர்யா ஆற்றருகே நடந்த சண்டையில், துப்பாக்கிக் குண்டு அவருடைய மண்டையோட்டைத் துளைத்து இடது பெருமூளையின் பின்பகுதியில், உச்சிமடலும் பிடரிமடலும் சந்திக்கும் இடத்தைச் சிதைத்தது. நெடுநேர கோமா தொடர்ந்தது. கள மருத்துவமனையில் உடனடிச் சிகிச்சை கிடைத்தும், காயத்தைத் தொடர்ந்த அழற்சி மூளையுறைகளை மூளைத்திசுவோடு ஒட்டவைத்தது. சுற்றியிருந்த திசு தழும்பேறிச் சுருங்கியது. நினைவிழப்பின் ஆழத்தை எண்ணால் குறிக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் 1974இல்தான் வந்தது என்பதால், இன்று நாம் முதலில் கேட்கும் அந்த எண் இந்தக் கோப்பில் கிடையாது. ஆனால் நீடித்த கோமாவும் நிலையான திசு இழப்பும் இதைக் கடுமையான காயம் என்று வகைப்படுத்தப் போதுமானவை.

மே மாத இறுதியில், ருஷ்யாவின் தெற்கு உரால் மலைப் பகுதியில் மூளைக்காயம்பட்ட வீரர்களுக்கென இயங்கிய மறுவாழ்வு மருத்துவமனையில், லூரியா அவரை முதன்முதலாகப் பரிசோதித்தார். பார்வைப் புலத்தின் வலப்பாதி இல்லை. இடப்பக்கம் தெரிந்ததும் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. தன் உடலின் வலப்பக்கம் எங்கிருக்கிறது என்பதே அவருக்குச் சில வேளைகளில் தெரியாமல் போனது. வலம், இடம், மேல், கீழ் ஆகியவற்றைப் பிரித்தறிவது பெரும் பாடாக இருந்தது. எழுத்துகள் அந்நிய மொழியின் எழுத்துகளாகத் தோன்றின. எண்களும் கணக்கும் போய்விட்டன. பொருள்களின் பெயர்கள் தேவைப்படும் கணத்தில் கிடைக்கவில்லை. நினைவும் தலைகீழாகத் திரும்பியது: சிறுவயது நிகழ்வுகள் முதலில் மீள, அண்மைக்காலம் மிகப் பிந்தி, ஓட்டைகளோடு வந்தது.

இவற்றுள் வெளியாருக்கு எளிதில் புரியாதது மொழியில் ஏற்பட்ட சேதம். தனிச் சொற்களையும் எளிய வாக்கியங்களையும் அவர் புரிந்துகொண்டார். ஆனால் சொற்களுக்கிடையிலான உறவில் பொருள் தங்கியிருக்கும் தொடர்கள் அவருக்குப் புதிராகவே இருந்தன. ‘தந்தையின் சகோதரர்’, ‘சகோதரரின் தந்தை’ ஆகிய இரண்டும் வேறு வேறா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. யானை பெரிதா, ஈ பெரிதா என்பது அவருக்குத் தெரியும். ‘ஈ யானையைவிடப் பெரியது’ என்ற வாக்கியம் சரியா தவறா என்று கேட்டால் தடுமாறினார். கண், காது, உடல் ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்களை ஒரே நேரத்தில் ஒரு முழுமையாகத் தொகுக்கும் வேலை இடது மூளையின் அந்தச் சந்திப்புப் பகுதியைச் சார்ந்தது என்று லூரியா விளக்கினார். வட்டத்துக்கு வலப்பக்கம் சிலுவைக் குறி வரைவதும், உறவுமுறைத் தொடரைப் புரிந்துகொள்வதும், இரண்டு எண்களை இடமறிந்து கழிப்பதும் மேலோட்டமாக வேறு வேறு திறன்கள். இந்த நோயாளியிடம் அவை ஒரே அடித்தளம் சரிந்ததால் ஒன்றாகச் சரிந்தன.

மறுவாழ்வுச் சிகிச்சையில் நடந்தது

வாசிப்பு முதலிலிருந்து கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு எழுத்தையும் தனக்கு நெருக்கமான ஒரு பெயரோடோ சொல்லோடோ கட்டிவைத்து அவர் நினைவில் நிறுத்தினார். ஒன்று மறந்தால் அகரவரிசையை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அந்த எழுத்தை அடைந்தார். பல மாத உழைப்புக்குப் பின் எழுத்தெழுத்தாக வாசிக்க முடிந்தது. ஒரு சொல்லின் கடைசி எழுத்தை அடைவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடும் என்பதால், சரளமான வாசிப்பு அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை.

எழுதுவதும் தொடக்கத்தில் அதே கதைதான். பென்சிலை எப்படிப் பிடிப்பது என்பதே மறந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் நினைவுக்குக் கொண்டுவந்து வரைய வேண்டியிருந்தது. அந்த நிலையில் ஒருநாள் மருத்துவர் அறிவுறுத்தலை மாற்றினார்: எழுத்தெழுத்தாக யோசிக்க வேண்டாம், கையைத் தாளிலிருந்து எடுக்காமல், சொல்லை ஒரே வீச்சில் எழுதுங்கள் என்றார். ஸசெட்ஸ்கி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். ‘இரத்தம்’ என்று பொருள்படும் ருஷ்யச் சொல் தாளில் இருந்தது. அதை அவரால் வாசிக்க முடியவில்லை.

இந்தத் திருப்பத்தைப் பலர் அதிசயமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். அதன் இயங்குமுறைதான் இந்த நிகழ்வின் மையம். எழுதப் படிக்கத் தெரிந்த வளர்ந்தவர் ஒருவர் பழகிய சொல்லை எழுதும்போது எழுத்துகளைத் தனித்தனியே நினைத்துப் பார்ப்பதில்லை. பல்லாண்டுப் பழக்கத்தால் அந்தச் சொல் ஒரே தொடர்ச்சியான கை இயக்கமாக இறுகியிருக்கிறது. அந்தத் தொடர் இயக்கத்தை நடத்துவது மூளையின் முன்புறத்தில் உள்ள இயக்கப் பகுதிகள். குண்டு அங்கே செல்லவில்லை. எழுத்தின் வடிவத்தையும் கோடுகளின் இட அமைப்பையும் மனக்கண்ணில் நிறுத்தும் வேலைதான் சிதைந்த பின்பகுதிக்கு உரியது. எழுத்தெழுத்தாக எழுதச் சொன்னபோதெல்லாம் சிகிச்சையாளர்கள் அறியாமலே அழிந்த பாதையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே வீச்சில் எழுதச் சொன்னதும் வேலை அழியாத பாதைக்கு மாறியது. வாசிப்புக்கு அப்படியொரு மாற்றுப் பாதை இல்லை, அது கண் வழியாகச் சிதைந்த பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே எழுத முடிந்து சரளமாக வாசிக்க முடியாத, தான் எழுதியதைத் தானே எளிதில் சரிபார்க்க இயலாத ஒரு நிலை உருவாகி, இறுதிவரை நீடித்தது.

இழந்த செயலை அதே பாதையில் மீட்க முயல்வதைவிட, எஞ்சியிருக்கும் கூறுகளைக் கொண்டு அதே செயலைப் புதிதாகக் கட்டியமைப்பது என்பது லூரியாவின் மறுவாழ்வுக் கொள்கை. 1948இல் அவர் வெளியிட்ட ஆய்வு இதை முறைப்படுத்தியது. இந்த நோயாளியிடம் அந்தக் கொள்கை பலித்ததற்குப் பயிற்சியின் அளவு காரணமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிப்புக்குச் செலவிட்ட உழைப்பு எழுத்துக்குச் செலவிட்டதைவிடக் குறைவில்லை; ஆனாலும் விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. காயத்தின் இடத்தைத் துல்லியமாக அறிந்து, கேட்கும் கேள்வியை அதற்கேற்ப மாற்றியதுதான் பலன் தந்தது. இன்றும் மறுவாழ்வு மையங்களில் சிகிச்சை மணிநேரத்தைக் கூட்டுவது பற்றிப் பேசப்படும் அளவுக்கு, ஒரே செயலைச் செய்யச் சொல்லும் வெவ்வேறு வழிகளை நோயாளியிடம் சோதித்துப் பார்ப்பது பற்றிப் பேசப்படுவதில்லை என்பது என் கருத்து.

வீடு திரும்பிய பின்

சிகிச்சைக்குப் பின் அவர் தூலா பகுதியில் தாயும் சகோதரிகளும் வாழ்ந்த சிறு குடியிருப்புக்குத் திரும்பினார். மருத்துவமனையில் மறைந்திருந்த குறைபாடுகள் பல இங்கேதான் வெளிப்பட்டன. எந்தக் கடுமையான மூளைக்காயத்திலும் இது நடக்கும். மருத்துவமனையில் நாளின் அமைப்பைப் பிறர் தீர்மானிக்கிறார்கள், வீட்டிலோ அது நோயாளியின் தலையில் விழுகிறது. விறகு பிளக்கும்போது கோடரி இலக்குத் தவறியது; ஆணி அடித்தால் விரலில் அடி விழுந்தது. ஒரு பொருளை வாங்கிவர அனுப்பினால் என்ன பொருள் என்பது வழியிலேயே மறந்தது. தான் வாழும் ஊரிலேயே பாதை தவறினார். பிறர் வேகமாகப் பேசுவதையும் வானொலியில் சொல்வதையும் பின்தொடர இயலவில்லை. பள்ளிக் கணிதத்தையும் வடிவியலையும் திரும்பக் கற்க முயன்றார். விளக்கத்தின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதற்குள் முந்தையது கலைந்துவிட்டதால் அது பலிக்கவில்லை. பொறியியலுக்குத் திரும்பும் வழி அடைபட்டது. ஊதிய வேலை எதற்கும் அவரால் போக இயலவில்லை.

எழுதுவது மட்டும் தொடர்ந்தது. சொல்லவேண்டிய ஒன்றுக்குச் சொற்களைத் தேடி, கிடைத்தவற்றை உடனே குறித்துவைத்து, அவற்றை வாக்கியமாகக் கோத்து, அந்த வாக்கியம் முறையானதா என்று நினைவிலுள்ள பிற வாக்கியங்களோடு ஒப்பிட்டுத் தாளில் இறக்க வேண்டும். இப்படி ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தால் அரைப்பக்கமோ ஒரு பக்கமோ தேறும், சில நாள்களில் அதுவும் தேறாது. முன்பு எழுதியதை எளிதாக வாசிக்க இயலாததால் ஒரே நிகழ்வுகளை அவர் மறுபடியும் மறுபடியும் எழுதினார். தன் பதிவுக்கு முதலில் பயங்கரமான மூளைக்காயத்தின் வரலாறு என்ற பொருளில் பெயரிட்டிருந்தார். பின்னர் அதைத் ‘தொடர்ந்து போராடுவேன்’ என்ற பொருளில் மாற்றிக்கொண்டார். எழுதுவதன் நோக்கத்தையும் அவரே குறித்திருக்கிறார்: தன் நினைவையும் பேச்சையும் சீர்படுத்துவது, தன்னைப் போன்ற காயத்தை ஆராய்பவர்களுக்கு உதவுவது, இன்னும் தான் பயனற்றவனாகிவிடவில்லை என்று நிறுவுவது.

லூரியா இடைவிடாமல் அவரைச் சந்தித்து மறுபரிசோதனை செய்தார். பார்வைப் புல இழப்பு, இடஉணர்வுக் குழப்பம், இலக்கணத் தொடர்களைப் பிரித்தறிய இயலாமை, கணக்கு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மீட்சி எதையும் அவர் காணவில்லை. உறவுமுறைத் தொடர்களும் யானை-ஈ வாக்கியங்களும் பல்லாண்டு கழிந்த பின்னும் அதே தடுமாற்றத்தைத் தந்தன. பல இடங்களில் இந்த நிகழ்வை மனவுறுதி மூளைக்காயத்தை வென்ற கதையாகச் சொல்கிறார்கள். பதிவு அதற்கு இடம் தரவில்லை. காயம் வெல்லப்படவில்லை. குண்டு சிதைத்த திசு மீளவில்லை, அதைச் சார்ந்திருந்த திறன்களும் மீளவில்லை.

நெற்றிமடல் என்ற ஆதாரம்

அப்படியானால் கால் நூற்றாண்டு உழைப்பைத் தாங்கியது எது? லூரியாவின் விடை தெளிவானது: மூளையின் முன்பகுதியான நெற்றிமடல்கள் சேதமடையவில்லை. நோக்கத்தை வகுப்பது, அதை நாள்கணக்கில் கைவிடாமல் பற்றியிருப்பது, தவறை உணர்வது, தன் நிலையைத் தானே மதிப்பிடுவது ஆகியவை அவரிடம் முழுமையாக இருந்தன. ஒரு வாக்கியத்தின் பொருள் தனக்குப் பிடிபடவில்லை என்பதைப் பிடிபடாத அந்தக் கணத்திலேயே அவரால் அறிய முடிந்தது. அந்த அறிவு ஒரே நேரத்தில் கருவியாகவும் சுமையாகவும் இருந்தது. இழந்தது என்ன என்று துல்லியமாகத் தெரிந்தவரின் துயரமும் துல்லியமானது. தான் ஒரு மூடுபனியில், பாதி உறக்கத்தில் வாழ்வதாக அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மூளைக்காய நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாதிக்கும் சற்று மேற்பட்டோர் அந்த ஓராண்டுக்குள் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். தன்னிலை அறிவு திரும்புவதை நல்ல குறியாக மட்டும் கோப்பில் எழுதிவிட்டு நகர்வது போதாது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு பினியாஸ் கேஜ். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13 அன்று, ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழ் நுழைந்து நெற்றிமடலைத் துளைத்து வெளியேறியது. பேச்சு, நடை, கணக்கு எல்லாம் எஞ்சின. திட்டமிடலும் அடக்கமும் குலைந்தன என்று மருத்துவர் ஜான் ஹார்லோ 1868இல் எழுதினார். அந்த வரிகளே பாடநூல்களில் நிலைத்துவிட்டன. ஆனால் கேஜ் 1852இல் சிலி நாட்டுக்குச் சென்று, 1860இல் வலிப்புத் தாக்கி இறப்பதற்குச் சற்று முன்வரை, பல ஆண்டுகள் குதிரை வண்டியோட்டியாகப் பணிபுரிந்தார். தினமும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வரிசையில் செய்யவேண்டிய வேலைகள் என்ற வெளியமைப்பு, சிதைந்த நெற்றிமடல் தரத் தவறியதை ஓரளவு ஈடுசெய்திருக்கும் என்று வரலாற்றாசிரியர் மால்கம் மேக்மில்லன் வாதிட்டிருக்கிறார். கேஜுக்கு நாளின் அமைப்பை வேலை வெளியிலிருந்து கொடுத்தது. ஸசெட்ஸ்கி அதை உள்ளிருந்து தானே உண்டாக்கிக்கொண்டார். இருவரிடமும் தரநிலைச் சோதனைகள் சொல்லாத ஒன்று நீண்டகாலப் போக்கைத் தீர்மானித்தது. ஆனால் ஒருவருக்கு உதவியது மற்றவருக்கு உதவியிருக்காது.

தனி நிகழ்வும் தொகுப்புத் தரவும்

அமெரிக்காவில் 1987 முதல் இயங்கும் மூளைக்காய மாதிரி மையங்கள், மிதமான அல்லது கடுமையான காயத்துக்கு உள்நோயாளி மறுவாழ்வுச் சிகிச்சை பெற்ற பதினாறு வயதுக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனிக்கின்றன. காயத்திலிருந்து ஐந்தாண்டு முடிவில் அவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். 30 விழுக்காட்டினரின் நிலை மோசமாகியிருந்தது. 22 விழுக்காட்டினர் மாற்றமின்றி இருந்தனர். 26 விழுக்காட்டினர் முன்னேறியிருந்தனர். சிகிச்சை முடிந்ததும் மூளை ஒரு நிலையில் உறைந்துவிடுகிறது என்ற கருத்தை இந்த எண்கள் இரண்டு பக்கமும் மறுக்கின்றன. மோசமாகும் 30 விழுக்காடு மருத்துவக் கவனிப்பு நின்றுபோவதன் ஆபத்தைக் காட்டுகிறது. முன்னேறும் 26 விழுக்காடு, ஓராண்டுக்குப் பின் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று குடும்பத்திடம் சொல்வது சரியில்லை என்பதைக் காட்டுகிறது. தொடக்கத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 2021இல் வெளியான ஓர் ஆய்வில், காயத்துக்கு இரு வாரங்களுக்குப் பின்னும் தன்னுணர்வற்ற நிலையில் இருந்தவர்களில் 78 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் தன்னுணர்வு பெற்றனர்.

ஸசெட்ஸ்கி இந்த நான்கு பிரிவுகளில் எதில் வருவார்? தனியே கடைக்குச் செல்லவும் பயணம் செய்யவும் நம்பகமாக இயலாதவர் என்பதால், கிளாஸ்கோ விளைவு அளவுகோலின் விரிவான வடிவத்தில் அவர் கடுமையான இயலாமையின் மேல்படியில் வருவார். 1945இலும் அதே படி, 1970இலும் அதே படி. ‘மாற்றமில்லை’ என்ற பெட்டியில் ஒரு குறியாக அவர் மறைந்துவிடுவார். அளவுகோலைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது பிறரைச் சார்ந்திருக்கும் அளவை அளக்க வடிவமைக்கப்பட்டது, அதைச் சரியாகவே அளக்கிறது. அந்த ஒரே எண்ணை வைத்துச் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதுதான் பிழை.

இந்த நிகழ்வின் வரம்புகளும் சிறியவை அல்ல. நாம் இவரை அறிவதே இவர் எழுதியதால்தான். நெற்றிமடல் சிதைந்த ஒருவர் 3,000 பக்கம் எழுதியிருக்கமாட்டார், ஆகவே அத்தகையோரின் உள்ளனுபவம் இதே அளவு விரிவில் நமக்குக் கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. தொடக்கத்தில் நன்றாகக் கற்ற, இளவயதினரான ஒருவரிடம் இறுகியிருந்த எழுதும் பழக்கம்தான் இங்கே கைகொடுத்தது. எழுத்துப் பழக்கம் குறைந்தவரிடம் அதே உத்தி பலித்திருக்காது. எல்லாவற்றையும்விடக் கண்ணை உறுத்துவது, தாயும் சகோதரிகளும் இந்தப் பதிவில் ஓரமாகவே தென்படுவது. கால் நூற்றாண்டு அவருக்கு உணவும் உறைவிடமும் ஒழுங்கும் தந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது ஒரு நீண்டகால நிகழ்வு ஆய்வில் பாதியாவது இருக்க வேண்டிய செய்தி. இங்கே அது சில வரிகளில் அடங்கிவிடுகிறது.

கடுமையான காயத்துக்குப் பின் வீடு திரும்பியவரை ஆண்டுதோறும் பார்க்கும் மருத்துவர் வலிப்பு, மனநிலை, உறக்கம், மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றை விசாரிப்பது வழக்கம். அது தொடர வேண்டும். அதோடு, நாளின் எந்தப் பகுதி யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நடக்கிறது, எந்த வேலை ஒரு குறிப்பிட்ட விதத்தில் கேட்கும்போது மட்டும் கைகூடுகிறது, எது நோயாளிக்குத் தானே தேர்ந்தெடுத்த வேலையாக இருக்கிறது என்ற கேள்விகளையும் நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் தனித்தனியே கேட்டுக் கோப்பில் பதிய வேண்டும். இரண்டு பேரின் விடைகளும் முரண்பட்டால் அந்த முரணையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். தன்னிலை அறிவு எந்த அளவுக்கு எஞ்சியிருக்கிறது என்பதற்கு, வெளிநோயாளிப் பிரிவில் கிடைக்கக்கூடிய மிக எளிய சான்று அதுதான்.